சித்தியின் கண்ட்ரோல் ரூம்

சண்டைப் படத்தில் கதாநாயகன் ஒரு விரலைக் காதில் வைத்துத் தலையை லேசாகச் சாய்ப்பான். அவன் சாய்க்கும்போது தாங்களும் சாய்க்காமல் வளர்ந்தவர்கள் நம் வயதுக்காரர்களில் யாராவது உண்டா? இருந்தால் சொல்லிவிடுங்கள், உங்களுக்காக வருத்தப்பட எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. முப்பதைத் தாண்டி, காதோரம் நாலு முடி வெளுத்து, சாயம் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். இன்று பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் காதில் எதையோ செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதெல்லாம் பாட்டுக் கேட்கவும் ஆபீஸ் மீட்டிங்கில் கொட்டாவி விடவும் ஆன சாமான். நான் சொல்வது வேறு. காதிலிருந்து கழுத்துக்குப் பின்னால் சுருண்டு இறங்கும் வயர், வாயோரம் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி மைக், தூரத்தில் எங்கோ ஒரு அறையிலிருந்து வரும் குரல். நமக்கு ஹெட்செட் என்றால் அது.

அதைக் கிண்டல் செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் தனியாகத்தான் போக வேண்டும்; கூட்டமாகப் போனால் அவன் என்ன கதாநாயகன்? ஆனால் தனியாகப் போகிறவன் யாரிடம் பேசுவான்? பேசாவிட்டால் அவனுக்குப் பயமா, குழப்பமா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அந்தச் சின்னச் சாமான். பக்கத்தில் குண்டு வெடித்தாலும் அதில் ஒரு வார்த்தை பிசகாமல் கேட்கும். கண்ட்ரோல் ரூமில் ஒரு பெண் பெரிய ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள். "இடது பக்கம் மூணு பேர்" என்பாள். இருப்பார்கள். திடீரென்று கர்ரென்று இரைச்சல் வந்து தொடர்பு அறுந்துபோகும், தியேட்டரே மூச்சை அடக்கிக்கொள்ளும். கடைசியில் மேலதிகாரி திரும்பி வா என்பார். அவன் அதைக் காதிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டு பூட்ஸால் நசுக்கிவிட்டு உள்ளே போவான். அப்போது வரும் விசிலில் தியேட்டர் ஓடு பறக்கும்.

எங்கள் வீட்டில் நிஜமாகவே காதில் வயர் மாட்டிய ஒருத்தி இருந்தாள். என் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. கம்மாபுரத்தில் தாத்தா தவறிய பிறகு கடலூருக்கு, செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அவள் இடது காதை முழுவதுமாகவும் வலது காதை முக்கால்வாசியும் கொண்டுபோயிருந்தது. நான் சொல்லும் கோடையில் அவளுக்கு இருபத்து நாலு வயது, எனக்குப் பதினொன்று, அண்ணனுக்குப் பதின்மூன்று. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம்.

அவளுடைய காது மெஷின் இப்போது வருகிற மாதிரி கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை. சோப்புப் பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு டப்பா. அதிலிருந்து ஒரு வயர் கிளம்பிக் காதுக்குள் இருக்கும் மொட்டில் போய் முடியும். டப்பாவை வைக்க அம்மா அவள் ரவிக்கை எல்லாவற்றிலும் உள்ளே ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தாள். மொட்டு கொஞ்சம் நழுவினாலும் மெஷின் கீ என்று கத்தும். அது அவளுக்கே கேட்காது, எங்களுக்குக் கேட்கும். "சித்தி, கத்துது" என்று நான் காதைத் தொட்டுக் காட்டினால் உடனே ரவிக்கைக்குள் கைவிட்டுச் சத்தத்தைக் குறைப்பாள். தெருவில் போகிறவர்கள் அவள் காதைப் பார்த்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல.

அண்ணனுக்கும் எனக்கும் அது துக்கமாகவே படவில்லை. ஊரில் எந்தப் பிள்ளையின் வீட்டிலும் இல்லாத சொத்து அது. எங்களுக்கு வாய்த்தது என் பழைய ஹேர்பேண்ட். அதன் ஒரு முனையில் சோடா மூடியை ஒட்டி, துடைப்பக் குச்சியை வளைத்துச் செருகி, குச்சியின் நுனியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி வைத்து அண்ணன் செய்த ஹெட்செட். சில்வர் பீச்சுக்குப் போனால் சவுக்குத் தோப்புக்குள் ஓடி ஒளிந்துகொண்டு, "கண்ட்ரோல் ரூம், கண்ட்ரோல் ரூம்" என்று கத்துவோம். சித்தி மணலில் கடலை கொறித்தபடி எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். எங்கள் ஆட்டத்தில் அவள்தான் தளபதி. நிஜ வயர் வைத்திருப்பவளுக்குத்தானே பதவி?

ஒருநாள் அண்ணன் அவளிடம் கெஞ்சினான்.

"சித்தி, ஒரே ஒரு வாட்டி. நான் வச்சிப் பாத்துட்டுக் குடுத்துடறன்."

"உங்கொப்பாகிட்ட சொல்லிடாத" என்று கழற்றிக் கொடுத்தாள்.

அண்ணனுக்குப் பிறகு நான் வைத்துப் பார்த்தேன். மின்விசிறி, லாரி மேடேறி வருவதுபோல் இரைந்தது. அடுக்களையில் அம்மா ஒரு கிண்ணத்தை வைத்தாள், என் மண்டைக்குள் வைத்ததுபோல் இருந்தது. என் பாவாடை உரசும் சத்தம், வாசலில் போன சைக்கிளின் சத்தம், எல்லாமே வந்தன. அம்மா ஏதோ பேசினாள், அது மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குழம்பிக் கிடந்தது. படத்தில் குண்டு மழைக்கு நடுவே ஒரு சொல் பிசகாமல் வருகிறதே, இதில் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் வருகிறதே என்று எனக்கு ஒரே ஏமாற்றம். சீக்கிரம் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு எப்படி அவள் எங்களோடு பேசினாள் என்று கேட்பீர்கள். வாயைப் பார்த்துத்தான். எதிரில் நின்று பேசினால் போதும், சித்தி உதட்டைப் படித்துவிடுவாள். தெருமுனையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தால் எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று. அந்தத் திறமையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் போடும் மொழிமாற்றுப் படத்தின் முன்னால் தோற்றுப்போகும். வெள்ளைக்காரன் வாய் இங்கிலீஷில் அசையும், சத்தம் தமிழில் வரும். உதட்டைப் பார்த்தால் ஒரு பாஷை, மெஷினில் வருவது இன்னொன்றின் இரைச்சல். அதிலும் ஹெட்செட் வந்துவிட்டால் போச்சு. பேசுகிறவளின் முகமே காட்டாமல் அவன் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பார்கள்.

"இப்ப என்னாடி சொன்னா அவ?"

"பின்னாடி ஒருத்தன் வர்றான்னு சொல்றா சித்தி."

இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பாடு முடிந்து, அப்பா உள்ளறையில் படுத்துவிட, பாயில் நாங்கள் மூன்று பேரும் உட்காருவோம். பண்ருட்டியிலிருந்து யாராவது கொடுத்தனுப்பிய பலாச்சுளை தட்டில் இருக்கும். வாசல் திரையைத் தாண்டிக் கடல்காற்று வரும், வராமலும் போகும். நான் டி.வி.க்கு முக்கால் முதுகு காட்டி, சித்திக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, காதில் விழுவதையெல்லாம் வாயசைத்துச் சொல்லுவேன். சத்தம் போட வேண்டியதில்லை, உதடு அசைந்தால் போதும். நான் சொல்லி முடித்த அரை நொடி கழித்து அவள் கண் விரியும், உதடு திறக்கும், கை என் முழங்காலைப் பிடிக்கும். அந்தக் கோடையில் பாதிப் படங்களை நான் சித்தியின் முகத்தில்தான் பார்த்தேன். அதைவிட நல்ல திரையை நான் பிறகு பார்க்கவில்லை.

ஒருமுறை அவள் கதாநாயகனைக் காட்டிச் சொன்னாள்: "எங்க போனாலும் அவன் காதுல ஒருத்தி பேசிக்கினே இருக்கா பாரு. குடுத்து வச்சவன்."

இன்னொரு முறை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவன் மெஷின் வச்சா ஸ்டைலு. நான் வச்சா ஐயோ பாவம்."

தியேட்டருக்குப் போனபோதுதான் சிக்கல் வந்தது. இருட்டில் என் உதடு அவளுக்குத் தெரியவில்லை. இடைவேளையில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவள் உள்ளங்கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹெட்செட்டில் நல்ல சேதி வந்தால் ஒரு அழுத்து. கெட்ட சேதி வந்தால் இரண்டு அழுத்து. அவ்வளவுதான். ஆனால் நம்புங்கள், சண்டைப் படத்துக்கு அது போதும். மிச்சப் படம் முழுக்க அவள் கை என் கையில் வேர்த்துக் கிடந்தது. இரண்டு அழுத்தியதும் அவள் "ஐயையோ" என்று உரக்கச் சொல்லிவிட, முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்த மே மாதத்தில் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சொந்தமாக மருந்துக் கடை வைத்திருந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்தியாளைக் கரையேற்றும் பொறுப்பு தன் தலையில்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர். ஆனால் நல்ல எண்ணத்தோடு ஒரு காரியத்தைக் கெடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"வர்றவங்க முன்னாடி அந்த டப்பா வேணாம்" என்றார். "கல்யாணம் ஆவட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

சித்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டே செய்யலாமே மாமா?"

"சொன்னா எவன் வாசப்படி ஏறுவான்? நீ பேசாம தலை குனிஞ்சி ஒக்காரு. பொண்ணுன்னா அப்பிடித்தான ஒக்காருவாங்க? ஒருத்தரும் ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"குனிஞ்சிட்டா அவளுக்கு அவுங்க என்ன கேக்குறாங்கன்னே தெரியாதேங்க" என்றாள் அம்மா.

இதை இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மெஷினைக் கழற்றிக் காதை எடுத்துக்கொண்டார்கள். தலையைக் குனியவைத்துக் கண்ணையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அடக்கம் என்று ஒரு பெயர். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் எரியவில்லை. அண்ணன் என்னைக் காட்டிக் குதித்தான்.

"அப்பா, கண்ட்ரோல் ரூம் வச்சிக்கலாம்பா! பாப்பா பக்கத்துல ஒக்காந்து கைய அழுத்தும்."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் ஊருக்கெல்லாம் ஒன்றுதானே? பெயர் என்ன, என்ன படித்திருக்கிறாய், சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா. பெயருக்கு மூன்று அழுத்து, படிப்புக்கு நாலு அழுத்து, "ஆமாங்க" என்பதற்கு ஒன்று, "இல்லீங்க" என்பதற்கு இரண்டு. முதல்நாள் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. அம்மா மாப்பிள்ளையின் அம்மாவாக நடித்துக் கேள்வி கேட்டாள். ஒரு தப்பும் வரவில்லை. நான் தரையிலேயே நடக்கவில்லை. இத்தனை நாள் டி.வி.யில் பார்த்த அந்தக் கண்ட்ரோல் ரூம் பெண் நான்தான்.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, கூட இரண்டு உறவுக்காரர்கள். வீடெங்கும் சொஜ்ஜி மணமும் கனகாம்பரமும். பட்டுப் புடவையில் சித்தி காபித் தட்டை வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். வயர் இல்லாத அவள் காதில் ஜிமிக்கி ஆடியது. அவள் முந்தானைக்கு அடியில் என் கையை நுழைத்து அவள் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பெயரைக் கேட்டார். மூன்று அழுத்து. சித்தி சொன்னாள். படிப்பைக் கேட்டார். நாலு அழுத்து. "பி.காம்ங்க." சமையல் தெரியுமா என்றார். ஒன்று. பாட்டு வருமா என்றார். இரண்டு. "இல்லீங்க." எல்லாம் ஒத்திகைப்படி நடந்தது. உறவுக்காரர் ஒருவர், "அடக்கமான பொண்ணு" என்று தலையாட்டினார். அப்பாவின் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது.

"கல்யாணம் ஆனா சிதம்பரத்துலதான் எங்ககூட இருக்கணும்" என்று மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மாசத்துக்கு ஒருக்கா வந்து போவட்டும், யாரு வேணான்னா?"

மாசத்துக்கு ஒருக்கா. அதுவரைக்கும் எனக்கு அது ஒரு படமாகத்தான் இருந்தது. மாசத்துக்கு ஒருக்கா என்றதும்தான் இவள் போகப்போகிறாள் என்பது உறைத்தது. அன்றைக்கு மத்தியானமும் டி.வி.யில் ஒரு படம் இருந்தது. அடுத்த கோடையில் படம் இருக்கும், பாய் இருக்கும், இந்த முகம் இருக்காது.

அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை பேசினார். மெல்லிய குரல்.

"ஒரு நிமிஷம்மா. நானும் ஒண்ணு கேட்டுக்கறேன்." சித்தியின் பக்கம் திரும்பினார். "பெரியவங்க பேசிட்டாங்க. உங்களுக்கு இதுல முழு சம்மதமா? கூச்சப்படாம சொல்லுங்க."

இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. ஆனாலும் பதில் என் கட்டைவிரலில் இருந்தது. ஒன்றா, இரண்டா என்பதுதான். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சித்தி தலையைக் குனிந்தபடி, என் விரலுக்காகக் காத்துக்கொண்டு, என்னை முழுக்க நம்பி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு முறை அழுத்தினேன்.

"இல்லீங்க" என்றாள் சித்தி. மெஷின் இல்லாதபோது அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை எழுந்து, "பரவால்லங்க, மனசுல இருக்கறத சொன்னாங்களே, அதுவே பெருசு" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அவருடைய அம்மா வாசல்வரை போய்த் திரும்பி என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காது விஷயம் எங்களுக்கு மொதல்லயே தெரியும்மா. தெரிஞ்சிதான் வந்தோம். எம் புள்ள அதை ஒரு கொறையாவே சொல்லல. பொண்ணுக்கே இஷ்டமில்லன்னா என்ன பண்றது?"

அம்மா அப்படியே அடுக்களைக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். அப்பா கத்திய கத்தலை எதிர்வீட்டார் ஜன்னலில் நின்று கேட்டார்கள். சித்தி மட்டும் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். அப்பா அவள் எதிரில் போய் நின்றார்.

"சம்மதமான்னு கேட்டதுக்கு இல்லன்னு சொல்றியே, உனக்கு இதுக்கு மேல யாரும்மா வருவா? இதுவே ஜாஸ்தி!"

அவள் அவர் உதட்டைப் படித்தாள். படித்து முடித்ததும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாவாடை நாடாவை முறுக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும். "பாப்பாதான் மாத்தி அழுத்திச்சு" என்று சொன்னால் முடிந்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருப்பார், அவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்திருப்பார்கள்.

"ஆமா மாமா" என்றாள் சித்தி. "நான்தான் சொன்னேன். எனக்குப் புடிக்கல."

அன்று மத்தியானம் டி.வி.யை யாரும் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போட்டான். சித்தி வந்து பாயின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். பழையபடி நடுவில் உட்காரவில்லை. என்னைத் தள்ளி வைக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். வீட்டுப்பாடம் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். கோடை விடுமுறையில் என்ன வீட்டுப்பாடம் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பிறகு பள்ளி திறந்துவிட்டது. அவள் எதிரில் நின்றால் என் உதட்டைப் படித்துவிடுவாள் என்று பயம், நான் ஒன்றும் சொல்லாமலே. சாப்பிடும்போதுகூடத் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசப் பழகிக்கொண்டேன். ஹேர்பேண்ட் ஹெட்செட் எப்போது எங்கே போனது என்று தெரியாது. வீடு மாறியபோது பழைய சாமானோடு போயிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து சித்தி சிதம்பரத்துக்கே வேலைக்குப் போனாள். யாரும் கட்டிக்கொண்டு போகவில்லை, தானே போனாள். கல்லூரிப் பக்கத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தீசிஸ் டைப் அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை. அவள் விரல் வேகத்துக்கு அந்தத் தெருவில் ஆள் கிடையாது என்று சொன்னார்கள். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, விசேஷம் என்றால் மட்டும் வீட்டுக்கு வருவாள். பின்னால் அவளுக்குக் கல்யாணமும் நடந்தது, தானே பார்த்துச் செய்துகொண்டாள், நன்றாக இருக்கிறாள். அதனால் நீங்கள் யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நானும் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். பதினேழு வயது. சேர்ந்த முதல் வாரமே சித்தி வந்து என்னைக் கீழ வீதியில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாள். முடியைத் தூக்கி கிளிப் போட்டிருந்தாள். காதுக்குப் பின்னால் புது மெஷின், வயர் இல்லை, டப்பா இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருந்தது. இட்லியும் கொத்சும் வந்தன. கத்திரிக்காய் வெந்த வாசனை மூக்குக்கு நேராக வந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு வருஷமாக விழுங்க முடியாமல் வைத்திருந்ததை அன்றுதான், நிமிர்ந்து, அவளுக்கு என் உதடு நன்றாகத் தெரியும்படிச் சொன்னேன்.

"சித்தி, அன்னைக்கு நான் தெரிஞ்சேதான் ரெண்டு அழுத்துனேன்."

"தெரியும்" என்றாள்.

"அவரு உனக்குப் புடிச்சிருந்தாரா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னல்ல பாத்தேன், உள்ள வரும்போது. தான் செருப்பக் கழட்டிட்டு, செதறிக் கெடந்த நம்ம செருப்பையெல்லாம் ஓரமா நகத்தி வச்சாரு. புடிச்சிருந்துச்சி."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "கோவமா?"

"ஒரு வாரம் இருந்துச்சி. அப்புறம் போயிடுச்சி. பதினோரு வயசுப் புள்ளகிட்ட எத்தினி நாளு கோவப்படறது?" இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "அது இல்லடி. அதுக்கப்புறம் நீ வரவே இல்லியே. நீ வந்து ஒக்காரணும்னு ஒரு ஆள் எடம் விட்டு நகந்து ஒக்காந்தேன் நான். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்."

வரனைக் கெடுத்தது பதினோரு வயதுப் பிள்ளையின் ஆசை. அதை அவள் ஒரே வாரத்தில் மன்னித்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் அவளை வீட்டுக்குள்ளேயே தனியாக்கியது. அவளை விட்டுவிடக் கூடாது என்றுதானே இரண்டு அழுத்தினேன்? அழுத்திவிட்டு நானே விட்டுவிட்டேன்.

சித்தி தண்ணீர் குடித்தாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து மறந்துபோன சின்ன விஷயம் ஒன்றைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஒரு பொங்கலுக்கு வந்திருந்தப்ப கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் மொட்ட மாடில போயி ஒக்காந்தோம். இருட்டு. மாமா என்னமோ சொன்னாரு. நீங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. உங்கம்மா வயித்தப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டா, அது தெரிஞ்சுது. நானும் கூடவே சிரிச்சேன். மாமா என்னாடி சொன்னாரு?"

எனக்கு மொட்டை மாடி ஞாபகம் இருந்தது. கரும்புச் சக்கை காலில் ஒட்டியது ஞாபகம் இருந்தது. சிரித்தது ஞாபகம் இருந்தது. அப்பா சொன்னது ஞாபகம் இல்லை.

அந்த வாரக் கடைசியில் கடலூருக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். கரண்ட் போகாத நாளா, எந்த நாளைச் சொல்வது என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. அப்பா நெற்றியைத் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "சிரிக்கிற மாதிரி நான் என்னத்த சொல்லியிருக்கப்போறன்?" என்றார். எதையாவது நானே இட்டுக்கட்டிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, நல்லதாக ஒரு வேடிக்கையையும் தயார் செய்துகொண்டுதான் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். சிதம்பரம் போய்ச் சேர்ந்து, கடை வாசலில் அவள் கண் என் உதட்டில் வந்து நின்றதும் அந்தப் பொய் வரவில்லை.

"யாருக்கும் தெரியல சித்தி."

"பரவால்லடி" என்றாள். "எல்லாரும் அவ்ளோ நேரம் சிரிச்சீங்களே, அதான் கேட்டேன்."